புதுக்கோட்டை மாவட்டத்தை மூன்று நாளில் பார்ப்பது எப்படி? பாறை, குடைவரை, கோட்டை, கோயில்: முழுமையான வழிகாட்டி

திருச்சியிலிருந்து காரைக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்கள் புதுக்கோட்டையைக் கடந்துதான் போகிறார்கள். இறங்கிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். இறங்குபவர்களிலும் பலர் ஒரே நாளில் சித்தன்னவாசல், திருமயம், ஆவுடையார்கோயில் என்று ஓடிவிட்டு, "பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் பாதி இடத்தில் பூட்டிய கதவும், மீதி இடத்தில் மண்டையைப் பிளக்கும் வெயிலும்தான் நினைவில் நிற்கும். இந்த மாவட்டத்துக்குக் குறைந்தது மூன்று நாள் கொடுங்கள். அந்த மூன்று நாளை எப்படி அடுக்குவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு பின்னணி மட்டும் முதலில். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். பிறகு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14-இல், அதாவது ஒரு பொங்கல் நாளில். சமஸ்தானமாக இருந்ததால் தன் ஊர்க் கல்வெட்டுகளைத் தானே படியெடுத்து 1929-இலேயே நூலாக அச்சிட்டது. 1910-இல் சொந்தமாக அருங்காட்சியகம் தொடங்கியது. எந்தக் குன்றில் யார் எதை வெட்டினார்கள் என்று இன்று நம்மால் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதற்கு அந்த உழைப்பு பெரிய காரணம்.

கிளம்பும் முன்: வெயிலும் நடையும்

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, மொட்டைப் பாறைமேல் இருக்கும் தொல்லியல் சின்னங்கள். பகல் முழுவதும் திறந்திருக்கும், ஆனால் நிழல் கிடையாது. இன்னொன்று, பூசை நடக்கும் கோயில்கள். நிழல் உண்டு, ஆனால் பெரும்பாலும் 12 மணிக்கு நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்துவதுதான் பயணத் திட்டம். காலையில் பாறை, உச்சி வெயிலில் சாப்பாடும் அருங்காட்சியகமும், மாலையில் கோயில். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாத் திட்டமும் வீண்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இந்தப் பாறைகளில் ஏறவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுனைகள் நிரம்பி அழகாக இருக்கும், ஆனால் பாறை வழுக்கும்.

அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. எனவே முதல் நாள் அந்தக் கிழமைகளில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குப் புதுக்கோட்டை நகரமே வசதி. எல்லா இடமும் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான், ஆவுடையார்கோயில் மட்டும் கொஞ்சம் கூடுதல். திருச்சியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். அடிக்கடி பஸ் உண்டு, திருச்சி–ராமேஸ்வரம் பாதையில் ரயிலும் நிற்கும். மாவட்டத்துக்குள் டவுன் பஸ் போகாத ஊர் இல்லை என்றாலும், சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலைக்கு அடுத்த பஸ்ஸை நம்பி உட்கார்ந்தால் நாள் போய்விடும். பைக் அல்லது வாடகைக் கார் நல்லது.

பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு நல்ல டார்ச் லைட், ஒரு ஜோடி பழைய காலுறை. காலுறை எதற்கு என்றால், கோயில் பிராகாரக் கல் நண்பகலுக்கு முன்பே சுடத் தொடங்கிவிடும். டார்ச் எதற்கு என்பதைக் குடுமியான்மலையில் சொல்கிறேன்.

முதல் நாள் காலை: சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர். இங்கே இரண்டு இடங்கள், இரண்டும் ஒரே குன்றில், ஆனால் இடையே பல நூறு ஆண்டு இடைவெளி. எல்லோரும் ஓவியம் இருக்கும் அறிவர் கோயிலுக்கு நேராகப் போவார்கள். நீங்கள் முதலில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறுங்கள். வெயில் ஏறிய பிறகு அந்தப் பாறையில் ஏற முடியாது.

படிகள் முடியும் இடத்தில் குன்றின் முதுகு வந்துவிடும். அங்கிருந்து மறுபுறம் சரிவை ஒட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இயற்கையான குகை. அந்தச் சரிவில் கால் வைப்பதற்காகப் பாறையில் வெட்டிய ஏழு குழிகளால்தான் ஏழடிப்பட்டம் என்று பெயர். உள்ளே 17 கற்படுக்கைகள், தலையணை மேட்டோடு வழவழவென்று இழைத்தவை. சமணத் துறவிகள் படுத்த இடம். அவற்றில் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு வரி. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்காக இளயர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று அதைப் படித்திருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுத்து. யாரோ ஒருவருக்குப் படுக்க இடம் செய்து கொடுத்து, அவர் ஊரையும் பேரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் படுக்கைக்கு எதிரே ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கீழே வயல், காற்று, அவ்வளவுதான். பின்னாளில் வந்து பெயர் செதுக்கிவிட்டுப் போனவர்களின் கிறுக்கல்களும் கண்ணில் படும். மனசு வலிக்கும்.

அப்புறம் இறங்கி அறிவர் கோயிலுக்கு வாருங்கள். முன்னால் நிற்கும் தூண்களைப் பார்த்துப் பழைய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். அவை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. அந்தத் தூண்களைத் தாண்டி உள்ளே இருப்பதுதான் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில். பக்கத்துப் பாறையில் உள்ள கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது.

ஓவியத்தைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. வெளியே வெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்தவுடன் கூரையில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பெரும்பாலானவர்கள் அதற்குள் "ஒண்ணுமே இல்லையே" என்று வெளியே போய்விடுகிறார்கள். காத்திருங்கள். முதலில் பச்சை எழும், தாமரை இலைகள். பிறகு வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கள். பிறகு மீன், அன்னம், யானை, எருமை. கடைசியாகப் பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். ஒருவர் தோளில் தாமரைத் தண்டு. சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் அறம் சொல்லும் சபையான சமவசரணத்துக்குப் போகும் வழியில் உள்ள தடாகம் இது என்று சமண மரபை வைத்து விளக்குகிறார்கள். பிறகு தூண்களுக்கு வாருங்கள். இரண்டு தூண்களில் ஆடல் மகளிர். ஒரு கை வீசி, இடை வளைந்து நிற்கும் அந்தக் கோடு ஒரே இழுப்பில் வந்தது போல இருக்கும்.

கருவறைக்குள் போக விட்டால், நடுவில் நின்று வாயை மூடி மெல்ல "ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அறை முழுக்க அதிரும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், சுவரைத் தொடவும் வேண்டாம். பூச்சுமேல் தீட்டிய தாவர, கனிமச் சாயம் அது. இதுவரை போனது போதும்.

முதல் நாள் நண்பகல்: நகரமும் அருங்காட்சியகமும்

ஊருக்குத் திரும்பிச் சாப்பிடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பரோட்டாவோடு முட்டை மாஸ் கேட்டு வாங்குங்கள், இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் பண்டம்.

அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. தாழிகள், செப்புத் திருமேனிகள், சமண, பௌத்தச் சிற்பங்கள், பதப்படுத்திய விலங்குகள் என்று எல்லாம் கலந்து கிடக்கும் பழைய பாணி அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் போதும். ஆனால் அங்கே அம்மன் காசைத் தேடிப் பாருங்கள். சுண்டு விரல் நகம் அளவுச் செம்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்த பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்ற எழுத்து. நவராத்திரியின்போது தானமாகக் கொடுக்கும் அரிசியோடு இதையும் சேர்த்துக் கொடுப்பது தொண்டைமான்களின் வழக்கம். அந்த அம்மன் அரைக்காசு அம்மன் என்ற பெயரில் இன்றும் பக்கத்துக் கோகர்ணேசுவரர் கோயிலில்தான் இருக்கிறாள். அந்தக் கோயிலை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை: குடுமியான்மலை

சுமார் 20 கிலோமீட்டர். 4 மணிக்கு அங்கே இருங்கள். சிகாநாதர் என்பது இறைவன் பெயர், சிகை என்றால் குடுமி. பிரசாதப் பூவில் தலைமுடி இருந்ததைக் கண்டு அரசன் கோபப்பட, அர்ச்சகரைக் காப்பாற்றச் சாமியே குடுமியோடு காட்சி கொடுத்தார் என்பது ஊர்க்கதை. மண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கு மேலான சிற்பங்கள்: இரணியனின் குடலை உருவும் நரசிம்மர், பத்துத் தலை ராவணன், மன்மதன், ரதி. இவற்றுக்காக மட்டுமே வருகிறவர்கள் உண்டு, தப்பில்லை.

நீங்கள் அதோடு நிற்காமல் பின்பக்கம் மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் போங்கள். பூட்டியிருந்தால் கோயில் காவலரிடம் கேளுங்கள், பொறுமையாகக் கேட்டால் வழி சொல்வார்கள். குடைவரையை ஒட்டிய பாறையில், இரண்டு பிள்ளையார்களுக்கு நடுவில், பெரிய பலகை போல் ஒரு கல்வெட்டு. சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்த எழுத்து. படித்தால் பொருள் வராது, ஏனென்றால் அது ஸ்வரங்கள். மத்தியமகிராமம், சட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு ஸ்வரங்களாக வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று முடிவில் இருக்கிறது. அரசன் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள், இன்று பலர் ஒத்துக்கொள்வதில்லை. கடைசியில் தமிழில் ஒரு குறிப்பு: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". ஏழு நரம்பு யாழுக்கும் எட்டு நரம்பு யாழுக்கும் பொருந்தும் என்று சொல்வதாகக் கொள்கிறார்கள். பாட்டு வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம் அழியாமல் இருப்பது போலத்தான் எனக்குத் தோன்றும்.

டார்ச் இங்கேதான் வேண்டும். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். இனி எந்த ஊரில் கல்வெட்டு பார்த்தாலும் இதைச் செய்யுங்கள்.

இரண்டாம் நாள் காலை: கொடும்பாளூர், விராலிமலை

அன்னவாசல், இலுப்பூர் வழியாக மேற்கே போங்கள். கொடும்பாளூர் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது, கொடும்பைக் குளத்தைத் தாண்டினால் பாதை சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று ஒரு மறையவன் வழி சொல்வான். அந்தக் கொடும்பைதான் இது. நடந்து போனவர்களுக்கு வழி பிரிந்த ஊரில் இன்று லாரிகள் நிற்காமல் பறக்கின்றன.

இந்தப் பகுதியை ஆண்ட இருக்குவேள் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் தேவியர் கற்றளி, வரகுணை இருவருக்குமாக எடுத்த மூன்று கோயில்கள் மூவர் கோயில். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிச்சம். பூசை இல்லை, கூட்டம் இல்லை, புல்தரை. விமானத்தின் நாலு பக்கமும் சுற்றி அண்ணாந்து பாருங்கள். அர்த்தநாரி, யானையுரித்தவர், வீணை ஏந்தியவர் என்று ஒவ்வொன்றும் சிறியவை, ஆனால் முகங்களில் உள்ள அமைதியைச் சோழர் காலப் பெரிய கோயில்கள் பலவற்றிலும் நான் பார்த்ததில்லை. அடித்தளம் மட்டும் கிடக்கும் மூன்றாவது கோயிலையும் ஒருமுறை சுற்றுங்கள். கற்கோயில் தரையிலிருந்து எப்படி எழுகிறது என்பது அங்கேதான் புரியும்.

10 மணிக்கு விராலிமலை. சுமார் 200 படிகள், மண்டபங்களின் நிழல் உண்டு. வயலூரில் இருந்த அருணகிரிநாதரை முருகன் இங்கே வரச் சொன்னதாக மரபு. இங்கே முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு என்பது கேள்விப்படாதவர்களை வியக்கவைக்கும். மயில்களைக் காலையிலும் மாலையிலும் பார்க்கலாம், தீனி போட வேண்டாம். நடை சாத்துவதற்குள் இறங்கிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மாலை: நார்த்தாமலை

மூன்று நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதுக்கோட்டை–திருச்சி சாலையிலிருந்து பிரிந்து போக வேண்டும். நகரத்தார்மலை என்பது நார்த்தாமலை ஆனது என்பார்கள். நகரத்தார் என்றால் இங்கே வணிகக் குழுவினர். நானாதேசி எனப்பட்ட, பல நாடுகளில் வணிகம் செய்தவர்களின் தடம் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஊரில் முத்துமாரியம்மன் கோயில் பிரசித்தம். பங்குனித் திருவிழா சமயத்தில் கூட்டம் தாங்காது, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது திருவிழாவுக்கென்றே வாருங்கள்.

நாம் போவது மேலமலை. 3.30 மணிக்கு அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். படி கிடையாது, பாறையே பாதை. வழியில் சுனைகள். குளிக்க இறங்காதீர்கள், பாசி பிடித்த சரிவு. மேலே ஏறி ஒரு திருப்பத்தில் சட்டென்று விசயாலய சோழீசுவரம் கண்ணுக்கு முன்னால் வரும்.

கோயில் மேற்குப் பார்த்தது. அதனால்தான் மாலையில் வரச் சொன்னேன். சாயும் வெயில் நேராக விமானத்தில் விழுந்து கல் முழுக்கச் செம்பொன்னாகும். வெளிச் சுவர் சதுரம், அதற்குள் கருவறை வட்டம். இந்த அமைப்பு அபூர்வம். விமானமும் கீழ்த்தளங்களில் சதுரமாக எழுந்து உச்சியில் வட்டமாகிறது. சுற்றிலும் சிறு கோயில்கள், எட்டில் ஆறு மிச்சம். பெயரில் சோழன் இருந்தாலும், கட்டியவன் சாத்தம்பூதி என்ற இளங்கோவதியரையன், முத்தரையர் மரபினன் என்று துவாரபாலகர் அருகே உள்ள கல்வெட்டு சொல்கிறது. மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்றும் அதிலேயே இருக்கிறது. பெரிய கோயில் தஞ்சாவூரில் எழுவதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தையது இது.

எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈசுவரம், பல்லவன் நிருபதுங்கன் காலத்தது. பெரியது பதினெண்பூமி விண்ணகரம், சமணர் குடகு என்றும் சொல்வார்கள். அதன் உள்சுவரில் ஏறக்குறைய ஆளுயரத்தில் 12 திருமால் உருவங்கள், எல்லாம் ஒரே அச்சு. வெளியே மேடையைச் சுற்றி யானைகளும் யாளிகளும் வரிசையாக ஓடும். சிங்கத்தின் முகத்தையும் யானையின் முகத்தையும் அருகில் குனிந்து பாருங்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

இங்கே தனியாகப் போக வேண்டாம், நாலு பேராகப் போங்கள். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே இறங்கத் தொடங்குங்கள். பாறையில் இருட்டு சீக்கிரம் வரும், விளக்கு கிடையாது. தின்பண்டப் பொட்டலத்தைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்து நான்காவது நாளும் உண்டு என்றால், கீரனூர்ப் பக்கம் மலையடிப்பட்டியில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்த இரு குடைவரைகளையும், பொற்பனைக்கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டிய வட்டக் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் காலை: திருமயம்

காரைக்குடிச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். கோட்டை தூரத்திலிருந்தே தெரியும். சேதுபதி மன்னர் கிழவன் சேதுபதி 1687-இல் கட்டியது. ஊர்க்காரர்கள் ஊமையன் கோட்டை என்பார்கள். முன்பு ஏழு சுற்று மதில்கள், இன்று நிற்பது சில. உச்சியில் பீரங்கி. ஏறும் வழியில் பாறை முகத்தில் உயரமாக ஒரு சின்னக் குடைவரை, உள்ளே லிங்கம், இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். உயரம் பயம் உள்ளவர்கள் கீழிருந்தே கும்பிட்டால் போதும். சாலையைப் பார்த்து மதிலில் கோட்டை பைரவர் இருக்கிறார். வண்டியோட்டிகள் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் போக மாட்டார்கள்.

9 மணிக்குக் கோட்டையை ஏறி இறங்கிவிட்டு, 10.30-க்குத் தென்புறம் உள்ள கோயில்களுக்குப் போங்கள். ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீசுவரரும். பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. பள்ளிகொண்ட பெருமாள் பாறையோடு பாறையாகக் கிடக்கிறார். அவரைச் சுற்றித் தேவர்களும், ஆதிசேடனின் நெருப்பில் ஓடும் மது, கைடபர்களும். சிவன் குடைவரையில் பெரிய லிங்கோத்பவர். இரு கோயிலாரும் வருமானத்துக்கும் எல்லைக்கும் நெடுநாள் சண்டையிட்டு, 1245-இல் போசளர் (ஹொய்சளர்) படைத்தலைவனான தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் தீர்ப்பாகி, இடையே மதில் எழுந்தது. அந்தத் தீர்ப்பும் கல்லில் இருக்கிறது. ஒரு கோயிலில் இருந்து அடுத்ததற்குச் சுற்றிக்கொண்டு போகும்போது அந்தப் பழைய வழக்கு காலில் தெரியும். விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான், பெயரும் இந்தப் பெருமாளின் பெயர்தான்.

மூன்றாம் நாள் மாலை: ஆவுடையார்கோயில்

சாப்பிட்டுவிட்டு அறந்தாங்கி வழியாகப் போங்கள். அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். முதல்முறை நான் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்து, வெளியே மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் 4 மணிக்குப் போங்கள்.

திருப்பெருந்துறை என்பது பழைய பெயர். பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர், குருவைக் கண்டு, கொண்டுவந்த பொன்னையெல்லாம் கோயிலுக்குச் செலவழித்த ஊர். தெற்குப் பார்த்த சிவன் கோயில். கொடிமரம் இல்லை, பலிபீடம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் ஆவுடை என்னும் பீடம் மட்டும், அதன்மேல் லிங்கம் இல்லை. ஆத்மாவுக்கு உருவம் இல்லை, அதனால் ஆத்மநாதருக்கும் இல்லை. யோகாம்பாளுக்கும் உருவம் கிடையாது, பாதம் மட்டும், அதையும் பலகணி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கூரையைப் பாருங்கள். கொடுங்கை என்பார்கள், மண்டபத்தின் விளிம்பில் வளைந்து இறங்கும் கல் தாழ்வாரம். மரச்சட்டம், குறுக்குக் கம்பி, ஆணித்தலை எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கி, மரவேலை என்று நம்பும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கோயில் வேலை ஒப்புக்கொள்ளும் தச்சர்கள், திருவலஞ்சுழிப் பலகணியும் ஆவுடையார்கோயில் கொடுங்கையும் தவிர வேறு எதுவும் செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். கழுத்து வலித்தாலும் கொஞ்ச நேரம் அதன் அடியிலேயே நில்லுங்கள்.

பூசை நேரத்தைக் கோயிலில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதுவரை இருங்கள். இங்கே நிவேதனம் தட்டில் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு படைகல்லில் கொட்டிப் பரப்புகிறார்கள், கூடவே கீரை, பாகற்காய். உருவம் இல்லாத சாமிக்கு உருவம் இல்லாத ஆவியே படையல். கருவறைப் பக்கம் வெண்மையாக எழுந்து, தீப வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்று, கரைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அறந்தாங்கி பஸ்ஸுக்கு நேரம் சரியாக இருக்கும்.